மஞ்சள் அம்பு

அவளை வீட்டில் திக்கு என்று கூப்பிட்டார்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள், பாவம், பேச்சு திக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் வாயைத் திறந்ததுமே மீதி வாக்கியத்தைத் தாங்களே முடித்துக்கொடுக்கப் பார்ப்பார்கள். பேச்செல்லாம் நன்றாகவே வரும். தேவைக்கு மேலேயே வரும். அவளுக்கு வராதது திசை. பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குப் போனவள் திரும்பும்போது வேறு வகுப்புக்குள் நுழைந்து, உட்கார்ந்து, கணக்குப் பாடம் முழுவதையும் கவனித்துவிட்டு வந்திருக்கிறாள். 'திக்குத் தெரியாதது' என்று அண்ணன் வைத்த பெயர் நாளடைவில் வால் உதிர்ந்து திக்கு ஆனது.

ஆனால் காகிதத்தில் அவளுக்கு வழி தவறியதே இல்லை. ஒரு தாளை நீட்டினால் எது மேலே வரவேண்டும், எது அடங்கிக் கிடக்க வேண்டும், எழுத்துக்கு எந்த இடத்தில் மூச்சுவிட வழி வேண்டும் என்று பட்டென்று சொல்வாள். அதனால் கிராஃபிக் டிசைன் படித்தாள். "படம் வரையறதுக்கெல்லாம் டிகிரியா?" என்றான் ஆடிட்டருக்குப் படித்துக்கொண்டிருந்த அண்ணன். அம்மா இவள் கட்சிதான். ஆனாலும் உறவுக்காரர்கள் விசாரித்தால், "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். ஐ.சி.யு.வில் இருக்கிறாள் என்று சொல்லும் அதே குரலில்.

முதல் வேலை ஒரு அச்சகத்தில். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், கடைப் பலகை, பேனர். அச்சக முதலாளிக்குக் காலியிடத்தைக் கண்டால் ஆகாது.

"என்னம்மா இது, இந்த ஓரத்துல ஒண்ணுமே இல்ல?"

"சும்மா இருக்கட்டும் சார். கண்ணுக்குக் கொஞ்சம் இடம் வேணும்."

"கண்ணுக்கு எதுக்கு இடம்? வாடகைக்கு விடப்போகுதா? ஒரு பூவைத் தூக்கிப் போடு."

அந்த அச்சகத்தில் அவள் போட்ட பூக்களைப் பறித்துக் கட்டினால் ஊரையே சுற்றி வரும். ஒருநாள் ஒரு பல் டாக்டர் பேனர் கேட்டு வந்தார். அவர் போன பிறகு முதலாளி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பல்லு பத்தாது. பெருசாக்கு. இன்னும். இன்னும்" என்று ஏலம் விட்டார். பல் வளர்ந்து, அதன் வேர் கீழே இறங்கி எழுத்தின் மேல் ஏறிக்கொண்டது.

"சார், பல்லு எழுத்தை மறைக்குது."

"எழுத்தை எவன் படிக்கப்போறான்? பல்லைத்தான் பாப்பான். அனுப்பு."

எல்லோரும் எழுத்தைத்தான் படித்தார்கள். 'பல் வலியா? உடனே வாருங்கள்! இலவச பரிசோதனை' என்று இருக்க வேண்டியதில் 'பரி'யைப் பல் தின்றுவிட்டிருந்தது. 'உடனே வாருங்கள்! இலவச சோதனை' என்று தெருமுனையில் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். முதலாளி விரலை அவள் பக்கம் நீட்டினார். வாதாடியிருக்கலாம். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எந்த வேலையும் நிலைக்காது.

அடுத்து ஒரு விளம்பர நிறுவனம். அங்கே எல்லாம் கண்ணாடி: சுவர் கண்ணாடி, கதவு கண்ணாடி. சேர்ந்த முதல் வாரம் அவள் கதவென்று நினைத்துச் சுவரில் மோதினாள். அடுத்த வாரம் சுவரென்று நினைத்துக் கதவுக்கு முன்னால் காத்துநின்றாள். அங்கே இருந்த கிரியேட்டிவ் தலைவர் அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிறங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர். எதைக் காட்டினாலும், "நல்லாயிருக்கு. ஆனா உயிர் இல்ல" என்பார். எமனுக்கே தெரியாத ஏதோ ஒரு கணக்கு அவரிடம் இருந்தது.

ஒரு பிஸ்கட் பாக்கெட்டை அவள் பல மாதங்கள் வரைந்தாள். 'இறுதி' என்று பெயரிட்ட ஃபைல் இருந்தது. 'உண்மையான இறுதி' இருந்தது. 'இதுக்கு மேல முடியாது' என்றும் ஒன்று இருந்தது. அதற்கு மேலும் முடிந்தது. கடைசியில் பிஸ்கட் கம்பெனிக்காரர் வந்து உட்கார்ந்து, பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல பச்சை பிடிக்காதே" என்றார்.

"அப்ப பிஸ்கட்டை அவங்களுக்குக் குடுக்காதீங்க" என்றாள் திக்கு.

கிரியேட்டிவ் தலைவர் முதல்முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்கு மாலையே அவள் பையைத் தூக்கிக்கொண்டு, சரியான கதவைக் கண்டுபிடித்து வெளியே வந்தாள்.

"நாக்குல சனி" என்றாள் அம்மா.

"பச்சை நல்லாத்தாம்மா இருந்தது."

"அதைச் சொல்லிட்டு வந்திருக்கலாம். வேற எதையோ சொல்லிட்டு வந்திருக்க."

மூன்றாவது வேலை ஒரு ஆப் கம்பெனியில். சம்பளம் பெரிது. நாற்காலிதான் கிடையாது, எல்லோரும் பெரிய துணி மூட்டைகளில் புதைந்து உட்கார்ந்து வேலை செய்தார்கள், மீட்டிங் முடிந்தால் ஒருவரை ஒருவர் கைகொடுத்து இழுத்துவிட வேண்டும். இனிய தூக்கத்துக்கு மழைச்சத்தம், அருவிச்சத்தம் போடும் ஆப் அது. சேருவது சுலபம். பச்சை நிறத்தில் பெரிய பட்டன் இருந்தது. அதற்கு யார் வீட்டிலும் ஆட்சேபம் இல்லை. வெளியேறும் பட்டனைத்தான் யார் கண்ணிலும் படாதபடி வைக்கவேண்டும். அந்தப் பொறுப்பு திக்குவிடம் வந்தது.

அவள் அதை மும்முரமாகச் செய்தாள். வெள்ளைப் பின்னணியில் வெளுத்த சாம்பல் எழுத்து. 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தின் அடியில், நன்றியுரைக்கும் முகவரிக்கும் நடுவே, காலில் ஒட்டிய தூசி மாதிரி. விலகுகிறவர்கள் எண்ணிக்கை சரிந்தது. மூட்டைகளில் புதைந்திருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டத்தான் முடியவில்லை.

கொஞ்சகாலம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா செல்போனை நீட்டினாள். "உங்க கம்பெனி மழைச்சத்தம் வேணாம்டி. மழை பேஞ்சா எனக்குக் கொடியில துணி ஞாபகம் வருது. எழுந்து எழுந்து பாக்கறேன். நிறுத்திக் குடு."

திக்கு வாங்கினாள். தேடினாள். 'எங்களைப் பற்றி' பக்கமே எங்கே இருக்கிறது என்று மறந்துபோயிருந்தது. மேலே போனாள், கீழே வந்தாள். அருவிச்சத்தம் ஒருமுறை தானாகப் போட்டு நின்றது. ஆப் அவளிடம், 'உங்கள் அன்புக்குரியவர்களுக்கும் பரிந்துரைக்கலாமே!' என்றது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீதானேடி வரைஞ்ச?"

"ஆமா."

"நல்லா வரைஞ்சிருக்க."

அடி எங்கே விழுந்தது என்று திக்குவுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் விழுந்தது. வாழ்நாள் முழுக்க வழி தெரியாமல் நின்றவள் அவள். தெருவில் நின்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் எங்கும் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அப்படிப்பட்டவள் சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்தவர்களைத் தொலைய வைத்திருக்கிறாள், அதுவும் திறமையாக. மறுநாள் வேலையை விட்டாள். ஆப் கம்பெனியிலிருந்து விலகுவதும் ஆப்பிலிருந்து விலகுவது போலத்தான் இருந்தது. யாரிடம் கடிதத்தைக் கொடுப்பது என்று கண்டுபிடிக்கவே அரைநாள் ஆயிற்று.

அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒருநாள் அண்ணி வந்தாள். கணக்குப்படி பார்த்தால் முன்னாள் அண்ணி. அண்ணனும் அவளும் போன வருடம் பிரிந்துவிட்டார்கள். ஒரு ஆடிட்டரும் ஒரு டைல்ஸ் ஷோரூம் மேலாளரும் எப்படிப் பிரிவார்களோ அப்படி, குரல் உயராமல், சாமான்களைப் பங்கு பிரித்துக்கொண்டு. அண்ணன் பங்குக்கு ஃபிரிட்ஜ் போனது. அண்ணி பங்குக்கு மாமியாரும் நாத்தனாரும் வந்தார்கள்.

அண்ணி செங்கல்லைக் காட்டி கேக் என்று விற்கக்கூடியவள். வாங்கியவர் வீட்டுக்குப் போய்க் கடித்துப் பல் உடைந்தாலும், "அடுத்த தடவை ஊறவச்சு சாப்பிடறேன்" என்று சொல்ல வைப்பாள். அன்றைக்கு அவள் வந்தது அம்மாவின் முழங்காலுக்காக. பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாள். காரில் இருவரையும் வாசலில் இறக்கிவிட்டு, "நான் காரை நிறுத்திட்டு வந்துடறேன். திக்கு, நீ அத்தையைக் கூட்டிட்டு மேல போ" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், யாரிடம் சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரி ஒரே சமயத்தில் கட்டியதில்லை. பழைய கட்டடத்தின் முதுகில் புதிய கட்டடம், அதன் விலாவில் இன்னொன்று. ஏ பிளாக்குக்கு அடுத்து எஃப் வந்தது. இரண்டாவது மாடியிலிருந்து பாலத்தில் நேராக நடந்தால் அந்தப் பக்கம் மூன்றாவது மாடி. பலகைகளுக்கும் குறைவில்லை. வாயில் நுழையாத மருத்துவ வார்த்தைகளைச் சிறிய எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி நிறுவனரின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். வழி கேட்டால் அவரும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

திக்கு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். இரண்டு லிஃப்ட், ஒரு பாலம், முடிவே இல்லாத ஒரு நடைபாதை. கடைசியில் ஒரு மேஜைக்கு முன்னால் போய் நின்றார்கள். அங்கே இருந்த நர்ஸ் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனாவது மாசம்?"

"வலி ஆரம்பிச்சா? ஆறாவது மாசம்" என்றாள் அம்மா.

"ஆறாவது மாசமே வலியா? முதல் குழந்தையா?"

அம்மா திரும்பித் திக்குவைப் பார்த்தாள். "இவ ரெண்டாவது" என்றாள்.

நர்ஸ் நிமிர்ந்தாள். நரைத்த தலையையும் முழங்காலில் சுற்றிய துணியையும் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டது. எலும்பு டாக்டரின் இடத்தைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவர் கிளம்பிவிட்டார். அண்ணி அங்கே காலி நாற்காலிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பார்க்கிங்கிலிருந்து வர அவளுக்கும் அவ்வளவு நேரமாகியிருந்தது. திக்குவைத் திட்ட எடுத்த வாயை அதனால் மூடிக்கொண்டாள்.

அம்மா காரில் ஏறியதும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அடுத்த வாரம் வரும்போது பேரு யோசிச்சு வச்சுக்கலாம்."

மற்ற இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனால் திக்குவுக்கு அந்த நடைபாதை கண்ணைவிட்டுப் போகவில்லை. தனியாகக் கையில் எக்ஸ்ரே உறையோடு நின்ற ஒரு பெரியவரைப் பார்த்திருந்தாள். மூன்று பேரிடம் வழி கேட்டு, மூன்று பேரும் மூன்று பக்கம் கை காட்ட, அவர் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பலகைகளை எவனோ வரைந்திருக்கிறான். அவனுக்கும் ஒரு முதலாளி பின்னால் நின்று, நிறுவனர் முகத்தை இன்னும் பெருசாக்கு என்று சொல்லியிருப்பான்.

அடுத்த வாரம் அவள் ஒரு பை நிறைய மஞ்சள் தாள்களோடு வந்தாள். ஒவ்வொன்றிலும் தடித்த கறுப்பு அம்பு. கீழே தடித்த எழுத்தில் 'எலும்பு, மூட்டு', 'கண்', 'ரத்தப் பரிசோதனை', 'எக்ஸ்ரே', 'மருந்து', 'வெளியே போக'. அம்மாவை அண்ணியோடு உட்கார வைத்துவிட்டு, டேப்பை எடுத்து ஒட்ட ஆரம்பித்தாள். பாலத்தருகே ஒரு செக்யூரிட்டி பிடித்துக்கொண்டார். பெரிய மீசை.

"யாரும்மா இதை ஒட்டச் சொன்னது?"

"மேல இருந்து சொன்னாங்க" என்றாள் திக்கு. எந்தக் கட்டடத்திலும் இந்தப் பதிலுக்கு மறு கேள்வி கிடையாது. எல்லோருக்கும் மேலே யாராவது இருக்கிறார்கள்.

மீசைக்காரர் ஒரு தாளை வாங்கிப் பார்த்தார். "எலும்பு, மூட்டு" என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு, "இங்க நின்னு நின்னு, தூக்கத்துலகூடக் கையைத் தூக்கிக் காட்டறேன்னு என் சம்சாரம் சொல்றா" என்றபடி டேப்பைப் பிடித்துக்கொடுத்தார். "அந்தத் தூணுல ஒண்ணு ஒட்டும்மா. அங்கதான் எல்லாரும் முழிப்பாங்க."

அன்றைக்கு அம்மா எலும்பு டாக்டரைப் பார்த்தாள். இன்னும் சில வாரம் பயிற்சிக்கு வரச் சொன்னார். அடுத்தமுறை வந்தபோது மஞ்சள் தாள்களைப் பார்த்தபடி ஜனங்கள் தாமாகவே நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். திக்கு தூணோரமாக நின்று அதைப் பார்த்தாள். பிஸ்கட் பாக்கெட்டை யாரும் இப்படி நம்பிப் பார்த்ததில்லை.

அப்போதுதான் கீழ்த்தளத்திலிருந்து சத்தம் கேட்டது.

அன்றைக்கு வந்ததும் கீழ்த்தளத்தில் புதிதாக ஒரு அம்பை அவள் பாதி திரும்பி நின்றுகொண்டு ஒட்டியிருக்கிறாள். இடமும் வலமும் அவளுக்கு எப்போதும் இரட்டைப் பிறவிகள் மாதிரி. எது எது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். அந்த அம்பை நம்பி எக்ஸ்ரேவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு மூடிய கதவுக்கு முன்னால் ஒழுங்காக வரிசையில் நின்றிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் இருந்தது லாண்டரி. வரிசையில் முதலில் நின்ற மனிதர், "சட்டையைக் கழட்டணுமா?" என்று கேட்டிருக்கிறார். லாண்டரிக்காரர், "பின்ன, போட்டுக்கிட்டேவா துவைக்கறது?" என்று வாங்கி மெஷினுக்குள் போட்டுவிட்டார். பின்னால் நின்றவர்களும், இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வெற்று மார்போடு ஐந்தாறு ஆண்கள் கீழ்த்தளத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

கேமராவில் பார்த்து அவளைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே ஆஸ்பத்திரிக்கு இல்லை. அவளேதான் போய், "அது நான் ஒட்டினது" என்று சொல்லிவிட்டாளே. நிர்வாகியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணியும் பின்னாலேயே போனாள்.

"நீங்க யாரு?" என்றார் நிர்வாகி அண்ணியிடம்.

"நான் கூட வந்தவ" என்று சொல்லிக்கொண்டே, அவர் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் அண்ணி.

நிர்வாகி கொஞ்சநேரம் கத்தினார். அனுமதி, ஒழுங்கு, ஆஸ்பத்திரி சுவர், பெயின்ட். திக்கு தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். தப்பு தப்புதான். கத்தி முடித்து அவர் தண்ணீர் குடித்தார். பிறகு குரலை இறக்கினார்.

"எல்லாத்தையும் கிழிக்கச் சொல்லியாச்சு. முதல் மாடியில கிழிச்சதும் ஜனங்க சண்டைக்கு வந்துட்டாங்க. விசாரணை கவுன்டர்ல இருக்கற அம்மா, அந்தத் தாளை ஒட்டாட்டி நாளைலேருந்து வேலைக்கு வரமாட்டேன்னு சொல்லுது. என்னதான் பண்ணீங்க?"

"எலும்புன்னு எழுதினேன் சார்" என்றாள் திக்கு. "எலும்பு டாக்டரைப் பாக்க வர்றவங்க மனசுல அந்த வார்த்தைதான் இருக்கும்."

"லாண்டரி?"

"அது என் தப்பு."

"தப்பில்ல சார், சாம்பிள்" என்று அண்ணி குறுக்கே வந்தாள். "ஒரு தாளை நம்பி சட்டையைக் கழட்டிக் குடுக்கறாங்கன்னா, அந்தத் தாள் எவ்வளவு தெளிவா இருந்திருக்கணும்? இவங்க செலவில்லாம ஒட்டினதே இந்த வேலை செய்யுதுன்னா, எங்க கம்பெனியை முறையாக் கூப்பிட்டா எப்படி இருக்கும்னு யோசிங்க."

"கம்பெனியா?" என்றார் நிர்வாகி.

"கம்பெனியா?" என்று திக்குவும் கேட்டிருப்பாள். அண்ணியின் செருப்பு அவள் கால்விரலை மிதித்துக்கொண்டிருந்தது.

"பேரு?"

அண்ணியின் கண் மேஜைமேல் கசங்கிக் கிடந்த தாளுக்குப் போனது. "மஞ்சள் அம்பு" என்றாள், பத்து வருடப் பழக்கம் போல.

ஆஸ்பத்திரிப் பலகைகளை மாற்றும் வேலையோடு வெளியே வந்ததும் திக்கு கேட்டாள். "அண்ணி, நமக்குக் கம்பெனி இருக்கா?"

"இப்ப இருக்கு. டைல்ஸ் வித்து வித்து எனக்கும் அலுத்துப்போச்சு. தரையைப் பாத்தே வயசாகுது. கொஞ்சம் நிமிர்ந்து சுவத்தைப் பாக்கறேன்."

அம்மா வீட்டின் முன்னறை அலுவலகம் ஆனது. செய்தி அண்ணன் காதுக்குப் போனது. வந்தான். முன்னாள் மனைவி அவனுடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்து போனில் பலகைக்குத் தகடு வெட்டுகிறவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றான்.

"மஞ்சள் அம்புன்னு பேர் வச்சிருக்கீங்களாமே. மஞ்சள்ல ஆரம்பிச்சது மஞ்சக் கடுதாசியிலதான் போய் முடியும்" என்றான். அதைச் சொல்லத்தான் வந்தான் போலிருக்கிறது; வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பான்.

அண்ணி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "திவாலானா உன்கிட்டதான் வருவோம், ஆடிட்டர் சார். ஃபீஸைக் குறைச்சுக்கோ" என்றாள்.

பிறகு அண்ணன் அம்மாவைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "என்னம்மா இது, விட்டுட்டுப் போன மருமகளை வீட்டுல உட்கார வச்சிருக்க?" என்றான்.

"மருமக போயிட்டாடா. இது பார்ட்னர்" என்றாள் அம்மா. "டீ வேணுமா, வேணாமா?"

அவன் டீ குடித்தான். குடித்துவிட்டு, கம்பெனியை எப்படிப் பதிவு செய்யவேண்டும் என்று முக்கால் மணிநேரம் யாரும் கேட்காமலே விளக்கினான். அண்ணி குறிப்பெடுத்துக்கொண்டாள். கல்யாண வாழ்க்கையில் அவன் பேச்சை அவள் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

வேலை நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. டாக்டர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து பலகைகளைப் பார்த்தார்கள். இதய டாக்டருக்கு 'இதயம்' என்ற சொல்லே பிடிக்கவில்லை. "ஏதோ காதல் விவகாரத்துக்கு வர்ற மாதிரி இருக்கு." தோல் டாக்டர், 'தோல்' என்று மொட்டையாகப் போட்டால் செருப்புக்கடை என்று நினைப்பார்கள் என்றார். சிறுநீரக டாக்டருக்குத் தன் அம்பு இதய டாக்டரின் அம்பைவிட நீளம் குறைவாக இருப்பதாகப் பட்டது. ஸ்கேல் கொண்டுவரச் சொன்னார். திக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, "டாக்டர், உங்களோடதுதான் முதல்ல கண்ணுல படும், வெளியே சொல்லாதீங்க" என்று எல்லோரிடமும் அதையே சொல்லி முடித்தாள்.

நிர்வாகிதான் கடைசி முட்டுக்கட்டை. பலகைகள் தயாராகி வந்தபோது அவர் ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே. நம்ம முழு உடல் பரிசோதனைத் திட்டத்தோட விளம்பரத்தை இதுல போட்டுடலாமே. நிறுவனர் ஐயா படமும் ஒண்ணு" என்றார்.

திக்குவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அண்ணியின் செருப்பு நகர்வது தெரிந்து காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"போட முடியாது சார்."

"ஏன்?"

"என்கூட வாங்க."

அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போய், இன்னும் பழைய பலகைகளே இருந்த பகுதியில் விட்டாள். "இங்கேருந்து ரத்தப் பரிசோதனைக்குப் போங்க. பலகையைப் பாத்து மட்டும் போகணும். யாரையும் கேக்கக் கூடாது."

"எனக்கா? இது என் ஆஸ்பத்திரிம்மா."

"அதான் சார். உங்களுக்குச் சுலபமா இருக்கும்."

நிர்வாகி தெனாவட்டாகக் கிளம்பினார். தன் அறை, மீட்டிங் அறை, கார் நிறுத்துமிடம் தவிர அந்தக் கட்டடத்தில் அவர் எங்கும் போனதில்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. நிறுவனர் படத்தை ஒருமுறை தாண்டினார். சற்று நேரத்தில் அதே படத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து தாண்டினார். மூன்றாவது முறை நின்று அதை முறைத்துப் பார்த்தார். ஒரு வார்டு பாய் வந்து, "சார், யாரைப் பாக்கணும்?" என்று கேட்டான். அவன் புது ஆள். "நோயாளி பேரு என்ன?"

நிர்வாகி திரும்பி வந்தார். "இடம் சும்மாவே கிடக்கட்டும்" என்றார்.

புதிய பலகைகளை மாட்டிய பிறகு, வேலை முடிந்தது என்று ஒப்படைப்பதற்கு முன் திக்கு தானே நடந்து பார்த்தாள். ஒவ்வொரு வாசலிலிருந்தும், ஒவ்வொரு பிரிவுக்கும். "எதுக்குடி இந்த அலைச்சல்? வேற யாரையாவது விட்டு நடக்கச் சொல்லேன்" என்றாள் அம்மா.

"வேற யாரு நடந்தாலும் போய்ச் சேர்ந்துடுவாங்கம்மா. நான் போய்ச் சேர்ந்தாதான் பலகை சரி."

மூன்று இடத்தில் தொலைந்தாள். மூன்று இடத்திலும் பலகையை மாற்றினார்கள். அதற்குப் பிறகு, வாழ்க்கையில் முதல்தடவையாக, ஒரு பெரிய கட்டடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் யாரையும் கேட்காமல் போய்த் திரும்பினாள். கிளம்பிய இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. மாலை வெயில் மட்டும் தரையில் விழுந்து கிடந்தது. அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, 'கண்' என்ற எழுத்து ஒரு நூல் அளவு இறங்கியிருப்பதைக் கவனித்து, ஏணியைத் தேடிப் போனாள்.

எல்லோரும் பாராட்டினார்கள் என்று சொல்ல முடியாது. பலகைகள் வந்து சில நாள் கழித்து, மனைவியைப் பார்க்க வந்த ஒருவர் அவளைப் பிடித்துக்கொண்டார். "நீதான் இந்தப் போர்டெல்லாம் வச்சதாமே. முன்னாடி கேட்டுக் கேட்டு வருவோம், வழியில நாலு பேர் பழக்கமாவாங்க. இப்ப பாரு, ஊமை மாதிரி நேரா வந்து சேர வேண்டியிருக்கு." மீசைக்காரருக்கும் மனக்குறைதான். யாரும் வழி கேட்பதில்லை. வலியப் போய், "எங்க போகணும்?" என்று கேட்டால், "தெரியும்" என்று போய்விடுகிறார்கள்.

அதற்குப் பிறகு ஒரு கல்லூரி வந்தது, ஒரு பேருந்து நிலையம் வந்தது. அம்மாவின் முன்னறை போதாமல் தெருமுனையில் மாடியில் ஒரு இடம் பிடித்தார்கள். இரண்டு பேரை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். இருவருக்கும் இடம் வலம் தெரியும் என்பதை அண்ணி நேர்முகத்தேர்விலேயே கேட்டு உறுதி செய்துகொண்டாள். அண்ணன் மாதம் ஒருமுறை கணக்குப் பார்க்க வந்தான். ஃபீஸைக் குறைக்கவில்லை.

சென்ற வாரம் ஒரு பெரிய கடைவளாகத்தின் உரிமையாளர் போன் செய்தார். அவர்கள் கார் நிறுத்துமிடம் பூமிக்குக் கீழே நாலு அடுக்கு. வந்தவர்கள் திரும்பிப் போகும்போது காரைக் கண்டுபிடிக்க முடியாமல் சண்டை போடுகிறார்களாம். ஒருவர் யாருடைய காரையோ தன் கார் என்று நினைத்து, அந்தக் காருக்குள்ளிருந்த நாயோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தாராம்.

அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள். "பண்ணிடலாம் சார். நாளைக்கு எங்க டிசைனர் வந்து பாப்பாங்க."

"வந்து என்னங்க பாப்பாங்க?"

"முதல்ல தொலைஞ்சு பாப்பாங்க" என்றாள் அண்ணி. "அதுல அவங்கள அடிச்சுக்க ஆள் கிடையாது."

மறுநாள் காலை திக்கு டேப்பையும் மஞ்சள் தாள்களையும் பையில் போட்டுக்கொண்டு நாலாவது அடுக்குக்கு இறங்கினாள். தூண்களெல்லாம் ஒரே மாதிரி, விளக்கெல்லாம் ஒரே மாதிரி, எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைக் கார்கள். அவள் நடுவில் நின்று நாலாபுறமும் பார்த்தாள். படுமோசமாக இருந்தது. அவளுக்கு வாயெல்லாம் பல்லானது.